போத்தல் கழுத்து

உடைந்த போத்தலைக் கண்டால் என் கை சும்மா இராது. வன்னியில் நாங்கள் வெறுங்காலோடு திரிந்தவர்கள். கண்ணாடித் துண்டு கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் துப்பரவு வேலை பார்த்தபோது அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவைத்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். அரங்கை நடத்திய சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய முதலாளியம்மா, அடுத்த நாள் என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாக இருந்தது. அது இல்லாமல் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்க முடியாது.

அன்று ஒரு ராக் இசைக்குழு வந்திறங்கியது. அமெரிக்காவில் கறுப்பினக் கூலியாட்கள் பாடிய, யார் கட்டியதென்றே தெரியாத பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, போகிற ஊரெல்லாம் பாடுகிறார்களாம். கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா சொன்னா. எனக்கு அது காதில் ஏறவில்லை. அவர்கள் சாப்பிடப் போன நேரம் உடைமாற்றும் அறையைக் கூட்டினேன். மேசையில் ஒரு போத்தலின் கழுத்து மட்டும் கிடந்தது. குடித்துவிட்டு உடைத்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே அதை அள்ளித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பின்னேரம் ஒத்திகைக்கு வந்த கிற்றார்காரர் பைகளையெல்லாம் கவிழ்த்துத் தேடினார். அந்தக் கண்ணாடியை விரலில் மாட்டி நரம்பில் இழுத்தால்தான் அந்தப் பாட்டே வருமாம். தொட்டியடிக்குப் போனேன். லொறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"வாயைத் திறக்காதை. நாளைக்கு அவ கையெழுத்து வைக்கட்டும்," என்றா அக்கா.

"அந்தாள் தன்ரை ஆக்களையெல்லோ ஏசிக்கொண்டு நிக்குது. நான் சொல்லப்போறன், அக்கா."

அக்காவை மொழிபெயர்க்க வைத்து, சிஞ்ஞோராவிடமும் கிற்றார்காரரிடமும் சொன்னேன். சிஞ்ஞோராவின் முகம் இறுகியது. "அரை மணித்தியாலம் தரச் சொல்லுங்கோ, அக்கா. நான் ஒண்டு செய்து குடுக்கிறன்," என்றேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டே அதை இத்தாலியனில் சொன்னா.

வன்னியில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் விளக்குக்குச் சிமினி இல்லாமல் போத்தல் வெட்டிய கை இது. ஒரு வைன் போத்தலின் கழுத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த நூலைச் சுற்றி, நெருப்பு வைத்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கினேன். முதலாவது கோணலாகப் பிளந்தது. இன்னொரு போத்தலை எடுத்தேன். இரண்டாவது அளவாகக் கழன்றது. தண்ணீர் விட்டு விட்டு, தொட்டுப் பார்த்தால் கீறாத அளவுக்கு விளிம்பைச் சீமெந்துப் படியில் தேய்த்தேன்.

கிற்றார்காரர் அதை விரலில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். நரம்பு அழுதது. அவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமாக அந்தப் பாட்டை முழுதாக வாசித்தார்கள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அப்பாடா என்று படியில் குந்தினேன். கண்ணீர் தன்பாட்டில் வந்தது. சிஞ்ஞோரா வந்து தோளில் தட்டினா. கடதாசி மேசையில் இருக்கிறதாம், நாளை வரைக்கும் ஏன், இன்றைக்கே கையெழுத்து வைக்கலாமாம்.

அக்கா பின்னாலேயே வந்தா. "இன்னுமொண்டு செய்து தருவியோ எண்டு கேக்கினம். கைகாவலுக்கு வைச்சிருக்கவாம்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ. ஆனா நான் கூட்டி முடியுமட்டும் ரெண்டையும் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கச் சொல்லுங்கோ."