சட்னி இல்லாத இட்லி

திருச்சி விமான நிலையத்துக்கு எதிரே ஸ்கூட்டரில் பொடி இட்லி விற்கிறார் ஒரு பெண். சென்னை விமானத்தில் இப்போது சாப்பாடு கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்த நான் ஒரு பொட்டலம் வாங்குகிறேன். சட்னி கேட்டதும் முறைக்கிறார்.

“செக்கிங்ல பிடுங்கிடுவாங்க. அதுக்குத்தான் நல்லெண்ணெய் ஊத்திப் பொடியில பெரட்டியிருக்கேன்.”

விமானங்களுக்குச் சமைத்த கிச்சனில் நான்கு வருடம் சாண்ட்விச் மடித்தவராம். விமானத்தில் சாப்பாட்டை நிறுத்தியதும் வேலை போயிருக்கிறது.

“அத்தனை பேர் சாப்பிட்டாங்க, ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது.”

நானும் இன்னும் கேட்கவில்லை.

சீருடையில் ஒரு விமானப் பணிப்பெண் பெட்டியை உருட்டிக்கொண்டு வேகமாக வருகிறாள். “நூர்ஜஹான் அக்கா! எங்க ஆறு பொட்டலத்த எடுத்து வச்சிட்டீங்களா?”

அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. கேட்டுச்சா என்பதுபோல் என்னையே பார்க்கிறார்.