தண்ணீரிடம் கேட்ட மச்சான்

என் லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே, பிள்ளையார் பொம்மைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கொட்டாங்குச்சி இருக்கிறது. பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. ஓரத்தில் சின்ன உடைசல். வண்டியில் புதிதாக ஏறுகிற எவனும் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே இது, திருஷ்டிக்கா?" என்றுதான் கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்ச் சேரும்வரை பேச வேண்டியிருக்கும். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது என் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கொட்டாங்குச்சி என் மச்சானுடையது. என் மனைவியின் தம்பி. பூங்கா எப்படி அமைக்க வேண்டும் என்று ஆராய்ச்சி செய்கிறவன். பூங்காவில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, நாலு பெஞ்சைப் போட்டு ரெண்டு செடியை நட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நானும்.

என் தொழில் பள்ளத்தை மேடாக்குவது. ஒரு பொக்லைன், மூன்று லாரி. எங்கள் பக்கத்தில் மனை வாங்கியவன் செய்கிற முதல் வேலை கிராவல் மண் கொட்டுவது. கீரப்பாளையம் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் நகர் நகராகப் பிரிந்தபோது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருவன் வீட்டை ஒரு அடி உயர்த்துவான். மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவன் என்னைக் கூப்பிட்டு ஒன்றரை அடி உயர்த்துவான். அப்புறம் ரோட்டை உயர்த்துவார்கள். உடனே முதலாமவன் மறுபடியும் எனக்குப் போன் செய்வான். உலகத்தில் இதைவிடத் தீராத தொழில் உண்டா சொல்லுங்கள்! நானும் அதே மாதிரி ஒரு நகரில் வீடு கட்டி, யாருக்கும் எட்டாத உயரத்தில் வாசல் வைத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மச்சான் பெரிய ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டு, ஆராய்ச்சிப் படிப்பு என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு இருப்பான். எங்கள் நகரில் பூங்காவுக்கென்று விட்ட ஒரு பெரிய இடம் குப்பையும் கருவேலமுமாகக் கிடந்தது. அங்கே பூங்கா வரப்போகிறது, வரைபடம் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கம் அவனைக் கேட்டது. மண் கொட்டி நிரப்பி, டைல்ஸ் ஒட்டி, வாசலில் ரெண்டு சிங்கமும் நடுவில் ஒரு நீரூற்றும் வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. மண் கொட்டுகிற வேலை எனக்கு. நான் மனதுக்குள் லோடு கணக்கே போட்டு முடித்துவிட்டேன். மச்சான் அந்த இடத்தைச் சுற்றி வந்துவிட்டு, "மாமா, இத நெரப்பக் கூடாது. இன்னும் தோண்டணும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடா பேசற? ஏற்கெனவே பள்ளம். தோண்டுனா கொளம்டா அது!" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கும் முழுசாத் தெரியல மாமா. தண்ணிகிட்டயே கேட்டுடலாம்" என்றான். இதுதான் அவன் எப்போதும் சொல்கிற வார்த்தை. யாரோடு வாதம் வந்தாலும் கடைசியில் இதில்தான் கொண்டுவந்து நிறுத்துவான்.

அடுத்த நல்ல மழைக்கு அவன் எப்படிக் கேட்டான் என்பதை நகரே வேடிக்கை பார்த்தது. நகரில் இருக்கிற வீடுகளிலெல்லாம் கொட்டாங்குச்சி வாங்கி, சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். மழை பிடித்ததும் ஒவ்வொரு தெருமுனையிலும் அவற்றை மிதக்கவிட்டு, குடைகூட இல்லாமல் பின்னாலேயே ஓடினான். என்னையும் ஓடவைத்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஒரு கொட்டாங்குச்சிக்குப் பின்னால் ஓடியதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா, "ஏங்க, ஒங்க மச்சானுக்குத்தான் இப்பிடின்னா ஒங்களுக்குமா?" என்று கேட்டார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. என் கொட்டாங்குச்சி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது! வளைந்து, ஒரு காம்பவுண்டில் முட்டி, திரும்பி, தெருக்களைத் தாண்டி, கடைசியில் அந்தப் பூங்கா இடத்துக் குப்பையின் ஓரத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மற்ற கொட்டாங்குச்சிகளும் ஒவ்வொன்றாக அங்கேயே வந்து சேர்ந்தன. மச்சான் மூக்குக்கண்ணாடியில் வழிகிற மழையோடு குதித்தான். "பாத்தீங்களா மாமா? எங்க போவணும்னு அதுக்குத் தெரியுது. எடம்தான் இல்ல." இருபது வருஷமாகத் தண்ணீரை விரட்டித்தான் எனக்குப் பழக்கம். அது எங்கே போக நினைக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மழையில் நின்றுகொண்டே எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதற்கப்புறம் அவனோடு திரிவது எனக்குப் பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. சிதம்பரத்தில், கடலூரில் இருக்கிற பூங்காவெல்லாம் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. போட்ட பாதையை விட்டுவிட்டுப் புல்லில் குறுக்கே நடந்து நடந்து ஜனங்களே ஒரு பாதை போட்டிருப்பார்கள். அதைக் கண்டால் அவனுக்கு ஒரே சந்தோஷம்; தப்பு ஜனங்களுடையது இல்லை, படம் போட்டவனுடையது என்பான். பெண்கள் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற பெஞ்சில்தான் உட்காருவார்கள், மூலையில் எத்தனை அழகான கொடிப்பந்தல் போட்டாலும் போகமாட்டார்கள் என்று கண்டுபிடித்தான். ஒருநாள் உச்சி வெயிலில் என் உள்ளங்கையைப் பிடித்து டைல்ஸ் தரையில் வைத்தான். அலறிவிட்டேன். அப்புறம் புங்கமரத்தடி மண்ணில் வைக்கச் சொன்னான். அதே வெயில், அதே நேரம், மண் குளுகுளுவென்று இருந்தது. "ஊரு ஊருக்கு இப்ப இதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க மாமா. பூங்கான்னா அலங்காரம் இல்ல. சூட்டக் கொறைக்கணும், தண்ணியத் தாங்கணும்" என்றான். நம் கடலூர் மாவட்டத்துக்கு இந்த ரெண்டைத் தவிர வேறு என்ன வேண்டும்?

சங்கக் கூட்டத்தில் பெரிய ரகளை. மச்சானின் வரைபடத்தில் பூங்கா ஒரு தாம்பாளம் மாதிரி இருந்தது. நடுவில் ஆழமான பள்ளம், சுற்றி அகலமான படிகள், எல்லாவற்றுக்கும் மேலே மரநிழலில் நடைபாதை. ரோட்டோரக் கட்டைச் சுவரின் அடியில் வாய் மாதிரி திறப்புகள். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் அந்த வாய் வழியாக உள்ளே வந்துவிடும். பள்ளத்தில் கோரையும் வெட்டிவேரும், படியோரம் நீர்மருது. நானே எழுந்து, "இது களிமண் பூமி மச்சான், தண்ணி எறங்காது" என்றேன். அவன் அசரவில்லை. "எறங்க வேணாம் மாமா. கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு, வாய்க்கால் காலியானதும் மெதுவாப் போனாப் போதும்" என்றான். சங்கத் தலைவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேர்கோட்டைத் தவிர எதையும் நம்பாதவர். கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார்: "ஒரு மழக்காலம் பாப்போம். ஒரு வீட்டு வாசப்படி தாண்டித் தண்ணி வந்துதுன்னாலும் மறுநாளே மண்ணு கொட்டி மூடிடணும். ஏம்பா, நீதான் கொட்டணும்." எல்லார் முன்னாலும் நான் தலையாட்டினேன். மச்சானின் படிப்பு, வேலையை விட்டுவிட்டு வந்த வருஷங்கள், எல்லாம் அந்த ஒரு பள்ளத்தில் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "தோண்டறதும் நீங்க, மூடறதும் நீங்களா? என் தம்பி பொழப்பு ஒங்க பொக்லைன்ல தொங்குது" என்று அழுதாள்.

தோண்டினோம். மரம் நட்டோம். புரட்டாசிக்குள் பூங்கா முடிந்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாலேயே நாங்கள் குடும்பத்தோடு மங்கலம்பேட்டையில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போய்விட்டோம். தீபாவளியன்று மாலை வானம் கறுத்துக் கொட்ட ஆரம்பித்தது. மறுநாள் காலையில் அடித்துப்பிடித்துத் திரும்பி வந்தால், எங்கள் ரோடு முழங்கால் தண்ணீரில் கிடக்கிறது. தாழ்வான வீடுகளில் கடைசிப் படிதான் பாக்கி. பெண்கள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பூங்காவுக்குள் பார்த்தால், பள்ளத்தின் அடியில் ஏதோ கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். மச்சான் முகம் செத்துப்போனது. "லெவல் தப்பாயிடுச்சா மாமா? நான் போட்ட லெவல் தப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். குடைக்குள் நின்றுகொண்டு தலைவர், "போதும்பா ஆராய்ச்சி. லாரிய வரச்சொல்லு" என்றார்.

நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்துவிட்டேன். அப்போது மச்சான் மாடிக்கு ஓடி, பழைய கொட்டாங்குச்சிகளை ஒரு கூடையில் வாரிக்கொண்டு வந்தான். "கடைசியா ஒரு தடவ கேட்டுடறேன் மாமா." ரோட்டுத் தண்ணீரில் கவிழ்த்தான். எல்லாம் ஆடிக்கொண்டே நேராகப் பூங்காச் சுவரை நோக்கிப் போயின. அங்கே போய், திறப்புகள் இருக்க வேண்டிய இடத்தில், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றுவிட்டன. நகரவில்லை. லெவல் சரியாகத்தான் இருந்தது! தண்ணீர் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தது! மச்சான் குனிந்து, கலங்கல் தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மாமா... வாய் இல்ல. பூசியிருக்கு. வழவழன்னு பூசியிருக்கு."

பின்னாலிருந்து தலைவரின் குரல் மெதுவாக வந்தது. "நான்தான்பா பூசச் சொன்னேன். சுவரு அடியில ஒடஞ்சு கெடக்குதுன்னு நெனச்சிட்டேன். நீங்க ஊருக்குப் போனதும், தீபாவளி நேரத்துல அசிங்கமா இருக்குதேன்னு கொத்தனார வெச்சி அடச்சி, காவி வெள்ள அடிச்சேன். ஒன் வேலதான் அரகொறன்னு ஒன்னத் திட்டவும் திட்டுனேன்." எங்கள் ஊர்க்காரர்களுக்கே உள்ள வியாதி இது. ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும், பள்ளத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும். கை சும்மா இருக்காது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நேரம் எங்கே? அவரே குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் பொக்லைனைக் கொண்டுவந்து பக்கெட் பல்லால் ஒரு இடி. சுவர் வாயைத் திறந்தது. ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் திரும்பிப் பூங்காவுக்குள் பாய்ந்தது. படிப்படியாக இறங்கியது. கொட்டாங்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விழுந்து சுழன்றன. வீடுகளின் கடைசிப் படிவரை வந்த தண்ணீர் எங்கள் கண்ணெதிரே இறங்க, ஜனங்கள் மாடியிலிருந்து விசிலடித்தார்கள். தலைவர் சொட்டச் சொட்ட நின்று மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உள்ள போவுதுப்பா! உள்ள போவுது!" என்று கத்தினார். என் மனைவி இந்தத் தடவையும் அழுதாள், ஆனால் சிரித்துக்கொண்டே. ஒரு வீட்டு வாசல்படியைக்கூடத் தாண்ட விடவில்லை அந்தப் பள்ளம்.

இப்போது அந்தப் பூங்காவில் கோடையில் பள்ளத்தில் வாலிபால் ஆடுகிறார்கள், மழையில் தவளை கத்துகிறது. நீர்மருது என்னைவிட உயரமாகிவிட்டது. சாயங்காலமானால் படிகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் மண் கொட்டுகிற வேலை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் பொக்லைன் இப்போது அதிகமும் தோண்டத்தான் போகிறது. இந்தக் கோடையில் கடலூரில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிடந்த ஒரு திடலில் மச்சான் ரெண்டாவது பூங்கா போட்டான். முதலாவதைவிடப் பெரியது. தோண்டியவன் அடியேன்.

இன்று காலை அவன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். பல தேசத்துக்காரர்கள் கூடுகிற ஒரு மாநாட்டில் நம்முடைய பூங்காக்களைப் பற்றிப் பேசப் போயிருக்கிறான். "மாமா, கடலூர்ல பேய்மழையாமே. அந்தப் பூங்காவுக்கு இதான் மொத பெரிய மழ. அங்க தண்ணி உள்ள போவலன்னா நான் இங்க நின்னு இன்னா பேசறது? கொஞ்சம் போய்ப் பாருங்க." வண்டியை எடுத்தேன். வைப்பர் வேலை செய்தும் ஒன்றும் தெரியவில்லை. கடலூர் போய் இறங்கியபோது ரோடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்த பயம், தீபாவளி முடிந்து சில நாள்தானே ஆகிறது என்பதுதான். யாராவது புண்ணியவான் பூசியிருந்தால்? குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு திறப்புக்கு மேலேயும் காவிப் பெயின்ட்டில், ரயில்வே போர்டு மாதிரி நேர்நேரான எழுத்தில், "இது வாய். அடைக்காதீர்" என்று எழுதியிருந்தது. எங்கள் தலைவரின் கையெழுத்து! இந்த வயதில் பஸ் ஏறிக் கடலூர் வந்து, பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர், ஒருத்தரிடமும் சொல்லாமல்.

லாரியிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்துவந்து ரோட்டுத் தண்ணீரில் விட்டேன். போனில் வீடியோ காலைப் போட்டு மச்சானுக்குக் காட்டினேன். மழை இரைச்சலில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. கோட்டும் டையுமாக இருந்தான். கொட்டாங்குச்சி ஒரு கல்லில் தட்டி நின்றது. தள்ளிவிடலாமென்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கிளம்பி, சுவரின் வாய்க்குள் புகுந்துவிட்டது.

"தண்ணிகிட்டக் கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன் மச்சான். உள்ள வந்துட்டேன்னு சொல்லுது."

போனில் அவன் கோட்டுக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, நிரம்பிக்கொண்டிருந்த பள்ளத்தில் படிப்படியாக இறங்கி, மிதந்துகொண்டிருந்த கொட்டாங்குச்சியைப் பிடித்தேன். இதோ, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.