அத்தை வீட்டுச் சத்தம்

எங்கள் வீட்டுப் போன் மத்தியான வேளைகளில் ஒரு தலையணையின் மேல் படுத்திருக்கும். கிளேபாங்கில் தனியாக இருந்த அத்தை வீட்டுப் போனும் அப்படித்தான். அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் அவருக்கு அடிக்கடி நெஞ்சுவலி வந்தது. எங்கள் ஊரான கோலா சுங்கை பாருவுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால் வரமாட்டார். அதனால் அம்மாவும் அவரும் தாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கூப்பிடுவார். நாலு வார்த்தை பேசியதும் இருவரும் போனை வைக்காமல், ரிசீவரைத் தலையணையில் சாய்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அங்கே ஏதாவது விழுந்தால் இங்கே கேட்கும் அல்லவா?

அம்மா வேலையாக இருந்தால் கேட்டுச் சொல்வது என் பொறுப்பு. காதை வைத்தால் அங்கே காற்றாடி சுற்றுவது கேட்கும், கடிகாரம் கேட்கும். சில நாள் அத்தை, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க" என்பார். யாரிடம் என்று எனக்குத் தெரியும். செத்துப்போன மாமா பதில் சொல்லிவிடுவாரோ என்று உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் காதை எடுக்கமாட்டேன்.

ஒரே இடைஞ்சல், மத்தியானம் முழுக்க எங்களை வேறு யாராலும் கூப்பிட முடியாது. அதைத் தீர்த்துவைக்க சித்தப்பா வந்தார். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். விளக்கம் சொல்வது அவர் வியாதி. இரண்டு வீட்டிலும் இன்டர்நெட் வழியாகப் பேச கரண்டில் ஓடும் ஒரு பெட்டியைப் போனோடு இணைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அண்ணி, பழைய போன்ல இங்கேருந்து கிளேபாங் வரைக்கும் ஒரு ஜாலானையே, முழு ரோட்டையே, உங்க ரெண்டு பேருக்குன்னு அடைச்சு வெச்சிருவான். நீங்க பேசாம இருந்தாலும் வேற யாரும் உள்ள வர முடியாது லா. இது அப்படி இல்ல. குரலைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் அட்ரஸ் போட்டு அனுப்பும். எந்த ரோடு காலியோ அதுல போய், அங்க ஒண்ணா சேந்துக்கும்."

"அக்கா சத்தம் கேட்டா போதும் லா," என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். மிச்ச விளக்கம் என் தலையில் விழுந்தது. யாரும் பேசாதபோது எந்தத் துண்டும் வராதாம். காதில் சத்தம் ஒரேயடியாக அடங்கிப்போனால் லைன் செத்துவிட்டது என்று மனிதர்கள் பயப்படுவார்களாம். அதனால் நம் வீட்டுப் பெட்டியே மெல்லிய இரைச்சலைத் தயாரித்து நம் காதில் விடுமாம். நான் தலையாட்டினேன். என் கண் அவர் வாங்கிவந்த பலகாரப் பையின் மேல் இருந்தது.

அன்றிலிருந்து காற்றாடியும் கடிகாரமும் காணாமல் போயின. அத்தை இருமினால், பேசினால் கேட்டது. மற்ற நேரமெல்லாம் ஒரு 'ஸ்ஸ்' மட்டும். "அக்கா மூச்சு விடுறதுகூட கேக்குது பாரு," என்று அம்மா மகிழ்ந்துபோனார். நானும் கேட்டேன். மூச்சுதான். ஆனால் இழுப்பதும் விடுவதும் இல்லாமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் பேய்மழை, இடி. அம்மா ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்து, "தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தார். சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டில் இருந்தபோது அவர் கைப்பேசியில் அப்பா கூப்பிட்டார். செங் என்ற ஊரில் வேலை முடிந்து வரும் வழியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். இடியில் கரண்ட் போய் வீடே இருட்டாகக் கிடந்தது. அத்தை அடுப்படியில் விழுந்து கிடந்தார், உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. அப்பாவின் அழுகை எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா நம்பவில்லை. ஓடிப்போய் ரிசீவரை எடுத்தார்.

"இல்ல தம்பி! அக்கா மூச்சு விடுறாங்க. இப்பகூட கேக்குது. நல்லாப் பாக்கச் சொல்லுங்க! பாப்பா, நீ கேட்டுச் சொல்லு!"

காதில் வைத்தேன். அந்த வீட்டில் நின்று அப்பா கதறுவது கைப்பேசியில் கேட்கிறது. அதே வீட்டில், என் காதுக்குள், அத்தை எதுவும் நடக்காதது போல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். "ஆமா, கேக்குது," என்றேன்.

பழைய போன் கரண்ட் இல்லாமலும் உயிரோடிருக்கும். அத்தை விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டிருக்கும். இன்று எனக்கு இது தெரியும். எங்கள் வீட்டில் எவருக்காவது அன்றே தெரிந்திருந்தால் அது சித்தப்பா ஒருவருக்குத்தான்.

அவர் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் கேட்டார். விளக்கம் வரும் என்று காத்திருந்தேன். அவர் லைனைத் துண்டிக்காமல் ரிசீவரைத் தலையணை மேல் மெதுவாகப் படுக்கவைத்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழுந்து வழிந்துகொண்டே இருந்தது. அத்தை தூங்கும் நேரத்தில் இப்படியா சத்தம் போடுவது என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.