பிரதர் கேட்க மறுத்த பாவசங்கீர்த்தனம்

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த குருமாணவரை எல்லோரும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். அட்டைக்குப் பயந்து வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பார். ஃபாதராகக் குருப்பட்டம் பெற இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருந்தது. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது நானும் தொற்றிக்கொள்வேன்; கேள்வி கேட்க ஆள் கிடைத்துவிட்டாரே!

ஒருநாள், சாகக் கிடந்த ஒரு பெரியவர் அங்கியைக் கண்டதும் கைகூப்பி, “சாமி, நான் ஒரு பெரிய பாவம்…” என்று ஆரம்பித்தார். பிரதர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

“நிப்பாட்டுங்க ஐயா. நான் இன்னும் சாமி ஆகலைங்க. பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. இப்பவே போய் ஃபாதரக் கூட்டிட்டு வர்றேன்.”

மகள் கொதித்துவிட்டாள். “அதுவரைக்கும் உசிரு நிக்குமா பிரதர்? நீங்களே கேட்டு ஆசீர்வாதம் பண்ணினா யாருக்குத் தெரியும்?”

“கேக்கலாம் அக்கா. மன்னிச்சாச்சுன்னு பொய் சொல்ல முடியாதே.”

சிக்னல் இல்லாத எங்கள் மலையிலிருந்து ஃபாதர் இருந்த தெஹியோவிட்டை டவுனுக்கு மழையில் ஓடினார். ஒரு மணி நேரத்தில் ஃபாதரோடு த்ரீவீலரில் வந்து இறங்கினார். பெரியவருக்கு உயிர் இருந்தது. ஃபாதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிரதர் வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நனைந்த அங்கியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“பிந்தியிருந்தா?” என்றேன்.

“அதத்தான் ரோட்டு முழுக்க யோசிச்சேன். பதில் தெரியலைங்க.”

அவ்வளவு இறையியல் படிக்கிறவர் அப்படிச் சொன்னதை நினைத்தால், இன்றும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.