பாலத்து ஓரத்தில் கொற்றி

யசோதினிக்கு விமான நிலையத்தில் வாசனைத் திரவியக் கடையில் வேலை. பள்ளிக்கூட வயதில் பெற்றோரோடு ஜெர்மனியிலிருந்து லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவள். இப்போது நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிறாள். ஷிப்ட் முழுக்க வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துத் தாடை நோகும். அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொற்றியாக மாற அவளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மத்தியானம் இருந்தது. "இந்த வயசில பகடை உருட்டிக்கொண்டு திரியிறாள்" என்று சொந்தக்காரர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அவர்கள் பார்க்கிற சீரியல்களைப் பற்றி இவள் என்றைக்காவது வாய் திறந்தாளா?

கொற்றி ஒரு வாள்காரி. சேகர் வீட்டு முன்னறை மேசையில், ஒரு பலகையில் சின்னப் பொம்மைகளை நகர்த்தி நடக்கும் கதை விளையாட்டில் யசோதினியின் பாத்திரம். கதையை நடத்துவது சேகர். அரக்கர்களுக்கும் அவரே வாய். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்த்துவைக்கும். ஆறு வருடமாகக் கொற்றி அந்த மேசையில் வாழ்ந்தாள். ஒரு கண்ணைப் பறிகொடுத்தாள், ஒரு ஊரையே காப்பாற்றினாள்.

ஆனால் அநியாயம் அந்த மேசையிலும் இருந்தது. மந்திரக்காரியாக விளையாடும் பிரீத்தாவின் முறை வந்தால் நெருப்பு மழையா, பனிச்சுவரா, பறப்பதா, மறைவதா என்று தேத்தண்ணி ஆறும்வரை யோசிப்பாள். யசோதினியின் முறை வந்தால் ஒரே வசனம்: "அடிக்கிறன்." அடுத்த முறையும் அதே "அடிக்கிறன்."

ஒரு ஞாயிறு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சேகர் அண்ணை, வாள் பிடிச்சவளுக்கு மூளை இல்லையோ? ஒருத்தனைத் தள்ளி விழுத்த ஏலாதோ? கேடயத்தைப் பறிக்க ஏலாதோ?"

"விதிப் புத்தகத்தில இல்லையே, யசோ. வேணுமெண்டால் நீரும் மந்திரக்காரியா மாறும்."

"மாறமாட்டன். புத்தகம் எழுதினவை இந்த மேசையிலயோ இருக்கினம்? எங்கட வீட்டுக்கு எங்கட விதி."

அவள் சொன்ன விதி சின்னது. வாள்காரியின் அடி பலித்தால் காயப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காயத்தை விட்டுக்கொடுத்து, எதிரியைத் தள்ளலாம், தடுக்கி விழுத்தலாம், கையில் இருப்பதைப் பறிக்கலாம்.

"அப்ப என்ர அரக்கருக்கும் இது பொருந்துமோ?" என்றார் சேகர்.

"ஓம், எல்லாருக்கும்தான். எனக்கு ஒருத்தரும் சலுகை தர வேண்டாம்."

"சரி, ஒரு சண்டையில பார்ப்பம். விளையாட்டைக் குழப்பினால் விதி குப்பைக்குள்ள."

சண்டை ஒரு கல்பாலத்தில் வந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே அடி காணாத பள்ளம், விழுந்தவர் திரும்ப மாட்டார் என்று சேகர் முதலிலேயே சொல்லிவிட்டார். யசோதினி ஒரு அரக்கனைத் தடுக்கி விழுத்தினாள். இன்னொருவனின் ஈட்டியைப் பறித்து எறிந்தாள். எப்போதும் தன் முறை வரும்வரை போனை நோண்டும் பிரீத்தா, மேசைமேல் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யசோதினிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

பிறகு, கடைசி அரக்கனை மறிக்கக் கொற்றியைக் கொண்டுபோய்ப் பாலத்து ஓரத்தில் நிறுத்தினாள். ஆறு வருடப் பழக்கம். பழைய விதியில் ஓரம், நடு என்று வித்தியாசமே இல்லை, அங்கே ஒருவரும் தள்ள முடியாதே.

சேகர் பலகையை வெகுநேரம் பார்த்தார். "யசோ, அரக்கன் வெட்டேல்லை. தள்ளுறான்."

பகடை உருண்டது. பலித்தது.

சேகருக்கே மனம் கேட்கவில்லை. "சரி, விடும். இந்த விதியே வேண்டாம். பழையபடி விளையாடுவம். கொற்றி விழேல்லை."

"ஓம் அக்கா, ப்ளீஸ். தலையை ஆட்டுங்கோ" என்றாள் பிரீத்தா.

தலையாட்டினால் போதும், கொற்றி பிழைப்பாள். பிழைத்து, அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் "அடிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். ஆறு வருடம் என்பது சும்மாவா?

"விழட்டும்," என்றாள்.

"அக்கா!"

"எனக்கு நோகுதெண்டு மாத்தினால் அதுக்குப் பேர் விதியோ? கேட்டது நான். விழுறதும் நான்தான்."

கொற்றியின் சின்னப் பொம்மையைத் தன் கையாலேயே பலகையிலிருந்து எடுத்தாள். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு புதுப் பாத்திரம் எழுதத் தாள் ஒன்றை இழுத்து முன்னால் வைத்தாள்.

"இந்த முறை மந்திரக்காரியோ?" சேகர் மெல்லக் கேட்டார்.

"வாள்காரி. கொற்றியின்ர தங்கச்சி. அக்காவைத் தேடிப் பின்னால வந்தவள், இப்பதான் பாலத்தில கால் வைக்கிறாள்." பகடையை உள்ளங்கையில் எடுத்துக் குலுக்கினாள். "அந்த அரக்கன் இப்ப எங்க நிக்கிறான், அண்ணை?"

சேகர் பலகையைப் பார்த்தார். கொற்றியைத் தள்ளிவிட்டு, அவன் சரியாக ஓரத்தில் நின்றான்.