தேன்மொழியின் ஓகே முத்திரை

ஒரகடத்தில் கார் விளக்குக்கு மூடி செய்யும் கம்பெனியில் நான் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் சூப்பர்வைசர். மூடியில் கீறல் இருந்தால் ரிஜெக்ட், இல்லாவிட்டால் ஓகே முத்திரை. என்னிடம் வேலை பார்த்த தேன்மொழிக்கு இருந்த கண் எங்கள் டேபிளில் வேறு யாருக்கும் இல்லை. எனக்கும்தான் இல்லை; அப்போது ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்கு என்னவோ ஆனது. ஒரே மூடியை நாலு முறை திருப்பிப் பார்ப்பாள். முத்திரையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் நீட்டுவாள். பீஸ் குவிந்து ஒருநாள் லைனே நின்றது. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன் என்றார் மேனேஜர்.

கம்பெனியில் எந்தக் கோளாறுக்கும் ஒய்-ஒய் ஷீட் போடுவோம். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் மூலகாரணம் வந்துவிடும். புத்திசாலி நான், தேன்மொழிக்கும் அதே ஷீட்டை எடுத்தேன். ஏன் லேட்? ஏன் சந்தேகம்? மூன்றாவது ஏனுக்கே அழுதுவிட்டாள்.

"அவரும் இப்டித்தான்க்கா கேட்டுக்கினே இருப்பாரு. நா கண்ணால பாத்தத இல்லன்னுவாரு. உனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னுவாரு. இப்ப எனக்கே அப்டித்தான் தோணுது."

அடித்ததே இல்லையாம். அதனால் வெளியே சொல்லவே கூச்சம். ஷீட்டைக் கிழித்துப் போட்டேன்.

கம்பெனி டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். காஞ்சிபுரத்தில் மனநல ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலர், புருஷனோடு கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் பஸ்ஸில், தப்பு தன்மேல்தான் போலிருக்கிறது, இனி எங்கும் வரமாட்டேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு லாட் ரிஜெக்ட் ஆனா கம்பெனியையா மூடுறோம்? வேற சப்ளையர பாப்போம், வாடி."

சுங்குவார்சத்திரம் வருவதற்குள் சிரித்துவிட்டாள்.

பூந்தமல்லியில் ஒரு உளவியல் நிபுணரைக் கண்டுபிடித்தேன். புது சப்ளையரைச் சோதிக்கிற மாதிரி போனிலேயே வெண்டர் ஆடிட் நடத்தினேன். இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, அவள் சொல்வது புருஷன் காதுக்குப் போகுமா, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா? அந்த அம்மா பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, இதையெல்லாம் தேன்மொழியும் நேரில் கேட்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமைகளில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறுவோம். நான் வெளியே முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கத் துடித்த வாயை அந்த முறுக்குதான் அடைத்தது. முதல்நாள் அவளாக ஒன்று மட்டும் சொன்னாள்: "ஏன்னு ஒரு வாட்டிகூட கேக்கலக்கா."

ஒரு மாதத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை. மேனேஜரிடம் மல்லுக்கட்டி இன்னும் இரண்டு மாதம் வாங்கினேன். இதற்கிடையில் தேன்மொழி இருங்காட்டுக்கோட்டையில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அது அவளே எடுத்த முடிவு.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நொந்து வந்தவரைக் குடையாதீர்கள். துணைக்குப் போய் வெளியே உட்காருங்கள். முதல் ஆள் சரியில்லையென்றால் அடுத்தவரைத் தேடுங்கள்.

அந்த இரண்டு மாதம் முடியுமுன் ஒருநாள் அவசர டிஸ்பாட்ச். நானும் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். நான் ஓகே போட்ட மூடி ஒன்றைத் தேன்மொழி எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். கீறல் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றேன்.

"உங்களுக்குத் தெரிலன்னா இன்னாக்கா. கீது. நா பாத்தேன்."

சொல்லிவிட்டு ரிஜெக்ட் போடும் சிவப்புத் தொட்டியில் போட்டாள். கீறலைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸ் என் பக்கத்திலேயே இருந்தது. என் சர்வீஸிலேயே சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரே ரிஜெக்ஷன் அதுதான்.