தேர்க்கூட்டத்தில் வைத்த பாட்டு

அறுபதுகளில் நான் திருப்பூரில் தமிழாசிரியையாக இருந்தேன். காதர்பேட்டையில் பனியன் கம்பெனி நடத்திய ஒரு முதலாளிக்குக் கலர் படம் எடுக்கும் ஆசை வந்தது. கல்லூரியில் படித்த பழைய ஆங்கிலக் காதல் நாவல் ஒன்றைச் சொன்னேன்.

"அதையே எழுதிப்போடுங்க டீச்சர். எட்டுப் பாட்டு வேணும். கலரு கண்ணக் கூசோணும்" என்றார்.

பனியும் குதிரைவண்டியுமாக இருந்த கதையை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். நாயகி பண்ணையக்காரர் மகள், நாயகன் நெசவாளி மகன். அவினாசித் தேர்க்கூட்டத்தில் இருவரும் ஓடிப்போகும்போது பெரிய பாட்டு ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் கதை சொன்னேன். அவருடைய ஒரே மகள், என் பழைய மாணவி, கதவோரம் நின்று கேட்டாள். மறுநாள் என்னைத் தேடிப் பள்ளிக்கே வந்துவிட்டாள்.

"ஓடிப்போன பொறகு அவங்களை உட்டுருவாங்களா டீச்சர்?"

"ஏன் கண்ணு கேக்கறே?"

"எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டர் நெசவுக்காரங்க ஊட்டுப் பையனுங்க. வர்ற தேருக்கு நானும் அவரும் அப்படிப் போயிரலாம்னு இருக்கறோமுங்க."

அவளுடைய தாய்மாமன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊருக்கே தெரியும். பிடித்தால் அந்தப் பையனை உயிரோடு விடமாட்டார்கள். வழி சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டுப் பிறகு என்னிடம் வருவார்கள். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. தெருவில் கார் நின்றாலே விளக்கை அணைத்தேன். அவள் அப்பாவிடம் சொன்னால் அவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் இரண்டு உயிர் போகும்.

கடைசியில் கதையிலிருந்து அந்தத் தேர்ப்பாட்டை நீக்கிவிட்டேன். நாயகி அப்பா முன்னால் நின்று பேசுவதாக மாற்றினேன். "ஓடறதுக்கு முந்தி உங்கப்பாகிட்ட ஒருக்காக் கேட்டுப் பாரு. நான் பக்கத்துல இருக்கறேன்" என்று அவளிடமும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, அவர் வீட்டில் அதைப் படித்து முடித்தேன். அவள் கதவை விட்டு முன்னால் வந்தாள்.

"அது நாந்தானுங்கப்பா."

யார் என்ன என்று முழுக்கச் சொன்னாள். அவர் என்னையே பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாங்க?"

"போன வாரந்தான் தெரிஞ்சுதுங்க."

அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். "எம் மச்சானுகளுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சுப்போடோணும்" என்றார். அப்போதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று புரிந்தது.

மூன்றாம் நாள் கோயமுத்தூரில் ஒரு கோயிலில் தாலி கட்டி, அன்றே திருமணத்தைப் பதிவும் செய்தார்கள். அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டு, இருவரையும் பெங்களூருக்கு ரயிலேற்றினார். மச்சான்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார்கள். படத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

என்னைத் தேடி யாரும் வரவில்லை. ஆனாலும் ஒரு வருஷம், ஜன்னல் வழியாகப் பார்க்காமல் நான் கதவைத் திறந்ததில்லை.